ஆறாவது பனியன்

என் வண்டியை உதைக்க எனக்கு அனுமதி இல்லை. டாக்டர் ஆறு வாரம் என்றுதான் சொன்னார். என் மனைவி சரஸ்வதி அதை ஆயுள் தண்டனையாக மாற்றிவிட்டாள்.

அதனால் தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலையில், நெருப்பெரிச்சல் என்ற ஊரில் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில், என் மைத்துனர் சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று. பன்னிரண்டு. வண்டி ஒரு சத்தமும் காட்டவில்லை. கிக்கர் பஞ்சுத் தலையணையை மிதித்த மாதிரி மெத்தென்று இறங்கி மெத்தென்று மேலே வந்தது.

"மச்சான், இது வண்டியா, ஆட்டுக்கல்லா? ஒரு தும்மலாச்சும் போடச் சொல்லுங்க" என்றார் சென்னியப்பன்.

"பேசாம உதைங்க மாப்ள. பதிமூணு."

"எண்ணறத நிறுத்துனீங்கன்னாத்தான் அது கெளம்பும். நீங்க எண்ணறதப் பாத்தே அதுக்குப் பயமெடுத்துப் போச்சு."

வாசலுக்கு வெளியே குட்டியானை ஒன்று வந்து நின்றிருந்தது. பழைய இரும்பு எடுப்பவருடைய வண்டி. அவரைத் தைப்பூசத்துக்கு முந்தின நாளே வந்துவிடச் சொல்லிவைத்திருந்தவள் சரஸ்வதி.

விஷயம் இதுதான். போர்ட்டிகோவில் இரண்டு நீள மேசை போட்டு, தெருப் பெண்கள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, டீ சர்ட்டுக்குப் பிசிறு வெட்டும் வேலை எடுத்துச் செய்ய வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. பக்கத்துக் கம்பெனியில் வேலை தரத் தயாராக இருந்தார்கள். போர்ட்டிகோவில் இடம்தான் தயாராக இல்லை. அங்கே என் வண்டி துண்டு துண்டாகப் பரவிக் கிடந்தது.

"ஓடற வண்டின்னா வெளிய நிக்கும். ஓடாத வண்டிதானுங்க வாசல்ல படுத்துக் கெடக்கும். பூசத்துக்குள்ள ஓடலீன்னா இரும்புக்குப் போட்டுருவேன். சொல்லிப்போட்டேன்" என்று கார்த்திகையிலேயே கெடு வைத்துவிட்டாள்.

அவள் சொன்னால் செய்வாள். நான்தான் சொல்லிவிட்டு யோசித்துக்கொண்டிருப்பவன்.

தும்மல்

வண்டியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கம்பெனிப் பெயர் வேண்டாம். நூற்று எழுபத்தைந்து சிசி, இரண்டு ஸ்ட்ரோக், பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டிய ரகம். பச்சை நிறம். குண்டடத்தில் ஒரு பால்காரரிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கினேன். பால் கேன் தொங்கித் தொங்கிக் கேரியரின் இடப்பக்கம் ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தது. இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அதை மட்டும் நிமிர்த்தவில்லை.

அப்போது எனக்குப் புதுக் கல்யாணம். சரஸ்வதிக்குப் பிறந்த ஊர் கொமரலிங்கம். முதல் தடவை மாமனார் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அவள் மடியில் அரிசி மூட்டை, கையில் தேங்காய்ப் பை, ஒருக்களித்த உட்காரல். தாராபுரம் தாண்டியதும் வண்டி இரண்டு தடவை தும்மிவிட்டு நின்றது. இந்த ரக வண்டிகளுக்கு ஆயில் ஒரு சொட்டு கூடினால் போதும், பிளக்கில் கரி அடைத்துக்கொள்ளும்.

பிளக்கைக் கழற்றும் ஸ்பேனரை நான் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். ரோட்டோரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு, எத்தனை புளியமரம் கடந்தோம் என்று எண்ணிக்கொண்டே நடந்தேன். பின்னால் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த புதுப்பெண் கேட்டாள்: "ஏனுங்க, மரத்த எண்ணறீங்களே, கெளம்பறப்ப ஸ்பேனர எண்ணக் கூடாதுங்களா?"

அதற்கு அடுத்த பயணத்திலிருந்து அவள் துணிப்பையில் ஒரு பிளக்கும் ஒரு ஸ்பேனரும் நிரந்தரமாக இருந்தன. விசேஷ வீடுகளில் சீப்பு எடுக்கப் பையைத் திறப்பாள், ஸ்பேனர் வந்து விழும். சொந்தக்காரப் பெண்கள் சிரிப்பார்கள். அவளுக்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது.

பிறகு மொபெட் வந்தது, ஸ்கூட்டர் வந்தது. மகள் படித்து முடித்து, கல்யாணமாகிக் கோவைக்குப் போனாள். பச்சை வண்டி பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் இடையே, சாக்கைப் போர்த்திக்கொண்டு, வருடக்கணக்கில் நின்றது. யாரும் விற்கவும் இல்லை, ஓட்டவும் இல்லை.

சைஸ் லேபிள்

பனியன் கம்பெனி ஒன்றில் முப்பது வருடத்துக்கும் மேலாக ஸ்டோர்ஸ் பார்த்தவன் நான். பட்டன், ஜிப்பு, லேபிள், எலாஸ்டிக், பாலிதீன் பை, எல்லாம் என் கையால்தான் உள்ளே போகும், வெளியே வரும். ஒரு லேபிள் குறைந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஓய்வு பெற்ற பிறகு எண்ண ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. கொஞ்ச நாள் தெருவில் போகிற தண்ணீர் லாரிகளை எண்ணினேன். பிறகு சரஸ்வதி தோசை வார்ப்பதை எண்ணினேன். "திங்கறத எண்ணுனா ஒடம்புல ஒட்டாதுங்க" என்று அதற்கும் தடை விழுந்தது.

அப்படி ஒரு நாளில்தான் சாக்கை நீக்கி வண்டியைப் பார்த்தேன். முன்னால் போர்ட்டிகோவுக்குத் தள்ளிவந்து கழற்றிவிடலாம் என்று தோன்றியது. மாட்டுவதைப் பற்றி அப்போது நினைக்கவில்லை.

கழற்றுவதற்கு ஒரு முறை வைத்துக்கொண்டேன். கம்பெனியை விட்டு வரும்போது, பயன்படாத பழைய சைஸ் லேபிள் ஒரு பொட்டலம் கொடுத்திருந்தார்கள். எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என்று அச்சிட்ட சின்னத் துணி லேபிள்கள். முன்சக்கரத்துப் போல்ட்டுக்கு எண்பது, பின்சக்கரத்துக்கு எண்பத்தைந்து, இஞ்சினுக்குத் தொண்ணூறு, மற்ற உதிரிக்கெல்லாம் தொண்ணூற்றைந்து. ஒவ்வொரு போல்ட்டிலும் நூலால் கட்டிவைத்தேன்.

மாடியில் குடியிருக்கும் தேவசகாயம் இதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தார். அவர் தூத்துக்குடிப் பக்கம். இங்கே ஒரு நிட்டிங் யூனிட்டில் பிட்டர்.

"அண்ணாச்சி, போல்ட்டுக்கெல்லாம் சட்டை தைக்கப் போறீயளா? அளவு எடுத்து வச்சிருக்கீய!"

"நீங்க சிரிங்க. மாட்டறப்ப தெரியும்."

"தெரியும், தெரியும். ஒண்ணு ரெண்டு மிஞ்சும் பாருங்க. மிஞ்சலன்னா அது மெக்கானிக் வேலையே இல்லைல்லா!"

எனக்கு எதுவும் மிஞ்சவில்லை. அதை இன்றும் பெருமையாகவே சொல்வேன்.

புளியும் பட்டனும்

பெட்ரோல் டேங்கின் உள்ளே துரு பிடித்துக் கிடந்தது. அதை எடுக்க ஆளுக்கொரு வழி சொன்னார்கள். நான் கெட்டிப் புளியைக் கரைத்து ஊற்றி, கூடவே ஜீன்ஸ் பட்டன் நாற்பதைப் போட்டு, மூடியை இறுக்கி, டேங்கை மடியில் வைத்துக் குலுக்கினேன். பட்டன்கள் உள்ளே உரசிப் புளித்தண்ணீர் துருவைக் கழற்றும் என்பது என் கணக்கு. கணக்குச் சரிதான். சிவப்பாகத் தண்ணீர் வந்தது.

கவிழ்த்து எண்ணினால் முப்பத்தொன்பது பட்டன்.

ஒரு பட்டன் டேங்கிலேயே தங்கிவிட்டால், போகிற வழியில் பெட்ரோல் வாயை அடைத்துக்கொள்ளும். டேங்கைத் தலைகீழாக, பக்கவாட்டில், மூலைவாட்டில் என்று எல்லா விதத்திலும் குலுக்கினேன். காதை வைத்துக் கேட்டேன். சாப்பிட மனமில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் சரஸ்வதி சமையலறையிலிருந்து வந்து என் உள்ளங்கையில் ஒரு பட்டனை வைத்தாள்.

"கொழம்புல கெடந்துதுங்க. புளி டப்பாக்குள்ள எப்படிங்க பட்டன் வந்துது?"

புளியை உருட்டி எடுத்த கையோடு பட்டனையும் எண்ணியிருக்கிறேன். ஒன்று கையில் ஒட்டிக்கொண்டு புளி டப்பாவுக்குள் போய்விட்டது. ஆக, டேங்குக்குள் போனதே முப்பத்தொன்பதுதான். எனக்கு வந்த நிம்மதியில் அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். ஒரு மாதத்துப் புளி எங்கே போனது என்பதும் அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த வேலை சைலன்சர். இந்த வண்டிகளின் சைலன்சருக்குள் ஆயில் கரி கெட்டியாகப் படிந்திருக்கும். பின்பக்கம் விறகு மூட்டி, அதை நெருப்பில் போட்டு எரித்து, தட்டி, கம்பி விட்டுத் துடைத்து, ஒரு பக்கம் வாயை வைத்து ஊதி மறுபக்கம் காற்று வருகிறதா என்று பார்த்து, போர்ட்டிகோ மூலையில் சாய்த்துவைத்தேன். சைலன்சர் முடிந்தது என்று மனதில் ஒரு கோடு போட்டேன். ஒரு தடவை சரிபார்த்துக் கோடு போட்ட மூட்டையை ஸ்டோர்ஸ்காரன் மறுபடி பிரிக்க மாட்டான். அது எங்கள் பழக்கம்.

அதற்கப்புறம் ஆடி வந்தது.

துணி ரோல் மேல்

ஆடிக்காற்றில் எங்கள் தெருவில் மண்ணும் பஞ்சும் சேர்ந்து பறக்கும். அன்று மத்தியானம் இஞ்சினை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். வியர்த்தது. டீசல் வாடை என்று நினைத்தேன். இடது கை கனத்தது. இஞ்சினைத் தூக்கியதால் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். பிறகு காரணம் யோசிக்கவும் முடியவில்லை.

சரஸ்வதி போட்ட சத்தத்தில் தேவசகாயம் மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்திருக்கிறார். அந்த நேரம் தெருவில் வந்தது ஒரு வேன். நிட்டிங்கில் ஓட்டிய துணி ரோல்களைச் சாயப்பட்டறைக்கு எடுத்துப்போகிற வேன். அதைக் கையைக் காட்டி நிறுத்தி, என்னைத் தூக்கி அந்த ரோல்களின் மேல் படுக்கவைத்திருக்கிறார்கள்.

எனக்கு நினைவில் இருப்பது மூன்றே மூன்று. முதுகுக்குக் கீழே சாயமேறாத துணியின் மெத்தென்ற சூடு. அட்டை ஒன்றால் முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்த ஒரு வடநாட்டு லோடுமேன். அவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை: "தாதாஜி, சோனா மத். சோனா மத்." தூங்காதீர்கள் என்று அர்த்தமாம். அவர் பெயர் தெரியாது. பிறகு அந்த வேனை எத்தனையோ இடத்தில் விசாரித்துவிட்டேன். அவர் ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். இதை எழுதுவதற்கு ஒரு காரணம் அவர். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். மூன்று அடைப்பு. டாக்டர் படம் போட்டுக் காட்டி விளக்கினார். "புரிஞ்சுது டாக்டர், கார்புரேட்டர் ஜெட் அடைச்ச மாதிரி" என்றேன். அவர் சரஸ்வதியைப் பார்த்தார். சரஸ்வதி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஒன்று குறைகிறது

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்தேன். என் வெள்ளைப் பனியன்கள் ஆறு இருக்கும். எங்கள் கம்பெனிப் பனியன், சைஸ் தொண்ணூற்றைந்து. ஐந்துதான் இருந்தது.

"சரசு, பனியன் ஒண்ணு கொறையுதே."

"உசுரோட ஊடு வந்து சேந்துட்டீங்க. பனியனுக்கு அழுவறீங்களே!"

"அழுவல. ஆறு இருந்துது. அஞ்சுதான் இருக்குது. கொடியில கெடக்குதான்னு பாரு."

"கொடியில இல்லீங்க."

"அப்ப எங்கதான் போயிருக்கும்?"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குக் கஞ்சி கொண்டுவந்தபோது கண் கொஞ்சம் சிவந்திருந்தது. வெங்காயம் என்று நினைத்துக்கொண்டேன். கஞ்சிக்கு வெங்காயம் எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் நாலைந்து தடவை கேட்டேன். மகள் போனில் பேசும்போதும் கேட்டேன். அவள் ஒரு டஜன் பனியன் வாங்கி அனுப்பிவிட்டாள். அதில் எனக்குத் திருப்தி இல்லை. புதுச்சரக்கு வந்தால் பழைய குறைவு நேராகிவிடுமா?

புரட்டாசியில் மறுபடி வண்டியிடம் உட்கார்ந்தேன். கனமானதைத் தேவசகாயம் தூக்கிவைப்பார், நான் மாட்டுவேன். நெஞ்சு எலும்பு சேர்ந்த இடம் மழைக்காற்றில் வலிக்கும். லேபிளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு போல்ட்டும் தன் இடத்துக்குப் போனது. சைலன்சரைக் கடைசியில் மாட்டினேன். தரையில் உட்கார்ந்து, அண்ணாந்தபடி, கைத்தடவலில் மாட்டியது. முடிந்ததென்று ஏற்கெனவே கோடு போட்டதுதானே!

சரஸ்வதி இதற்கெல்லாம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. எதிரே வந்து நின்று, "அந்தக் கெரகம் புடிச்ச வண்டிதானுங்க உங்கள ஆசுபத்திரில கொண்டுபோய்ப் போட்டுது" என்பாள். ஆனால் எனக்கு மாத்திரை கொடுக்கும் நேரத்தில் வண்டிமேல் படிந்த பஞ்சையும் ஒரு துணியால் தட்டிவிட்டுப் போவாள். எங்கள் ஊரில் துடைக்கிற துணிக்குப் பஞ்சமே கிடையாது. பனியன் வேஸ்ட் மூலைக்கு மூலை கிடக்கும். அதை யாரும் எண்ண மாட்டார்கள். எடை போட்டு அள்ளுவதுதான். முப்பது வருடத்தில் நான் எண்ணாத ஒரே சரக்கு அது.

குட்டியானை

இப்போது உதைக்கே வருகிறேன்.

இருபதைத் தாண்டியதும் சென்னியப்பன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். பிளக்கைக் கழற்றினோம். பெட்ரோலில் நனைந்து சொட்டியது. துடைத்து, காயவைத்து, மாட்டினோம். தேவசகாயம் இறங்கி வந்தார்.

"அண்ணாச்சி, எனக்குத் தெரிஞ்சு இது பாயின்ட்டுதாம்."

பாயின்ட்டைப் பார்த்தோம். நீலமாக நல்ல பொறி வந்தது.

"அப்ப ஓவர்புளோதாம்."

கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தோம். ஒரு கோளாறும் இல்லை. வெளியே இரும்புக்காரர் டீ குடித்துவிட்டு உள்ளே எட்டிப்பார்த்தார். "மெதுவாப் பாருங்க அய்யா, அவசரமில்ல. இப்படியே முழுசாத் தூக்கி ஏத்திக்கலாம், கழட்டற வேல மிச்சம்" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். நான் நாற்காலியை வண்டிக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

நான் எதற்குப் பயந்தேன் என்று இப்போது சொல்லலாம். வண்டி போவதற்கு அல்ல. ஆஸ்பத்திரிக்கு முன்னால் கழற்றியவனும் பின்னால் மாட்டியவனும் ஒரே ஆள்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. சில நாட்களில் பேர் மறக்கும். கை நடுங்கும். மாட்டியதில் எங்கோ தப்புப் பண்ணிவிட்டேன், எங்கே என்று தெரியவில்லை, இனித் தெரியவும் போவதில்லை என்று ஒரு பயம். இரும்புக்காரர் ஏற்றிக்கொண்டு போனால், கூடவே அந்தச் சந்தேகம் உறுதியாகிவிடும்.

சரஸ்வதி வெளியே வந்தாள். கையில் சாம்பிராணிக் கரண்டி. மறுநாள் பூசத்துக்கு வீட்டை மெழுகி, முருகன் படத்துக்குப் புகை காட்டிவிட்டு வந்திருந்தாள். யாரையும் பார்க்காமல் வண்டியைச் சுற்றிவந்து, விளக்குக்கு, டேங்குக்கு, இஞ்சினுக்கு என்று காட்டினாள். இரும்புக்குப் போகிற சாமானுக்கு யாராவது சாம்பிராணி காட்டுவார்களா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"இன்னும் ஒரு அஞ்சு ஒத மாப்ள" என்றேன்.

"மச்சான், எனக்கும் நெஞ்சடைச்சா யாருங்க ரோல் வேன் புடிக்கறது?" என்று முனகிக்கொண்டே எழுந்து உதைத்தார்.

புகை அசையவில்லை

சரஸ்வதி அப்போது வண்டியின் பின்புறம், சைலன்சரின் வால் பக்கம் கரண்டியை வைத்துக்கொண்டு நின்றாள். புகை நூல் மாதிரி நேராக எழும்பிக்கொண்டிருந்தது.

சென்னியப்பன் உதைத்தார். புகை நேராகவே போனது. மறுபடி உதைத்தார். அப்போதும் நேராகவே போனது.

எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. இஞ்சினுக்குள் போன காற்று எங்காவது வெளியே வந்தாக வேண்டும். ஒவ்வொரு உதைக்கும் அந்தப் புகை ஒரு ஆட்டம் ஆட வேண்டும்.

"நிறுத்துங்க மாப்ள! சரசு, நீ நகராத. அங்கியே நில்லு. இப்ப ஒதைங்க!"

உதைத்தார். புகை அசையவில்லை.

"சைலன்சர் அடைச்சிருக்குது" என்றேன். "நான் ஊதிப் பாத்து வெச்சதாச்சே!"

தேவசகாயம் நட்டைத் தளர்த்திச் சைலன்சரைக் கழற்றி நிமிர்த்தினார். முன்வாய்க்குள் விரலை விட்டார். "என்னமோ மெத்துனு இருக்கு அண்ணாச்சி. எலி செத்துக் கெடக்கோ!" என்று விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பழைய கிளட்ச் கேபிளின் கம்பியை வளைத்துக் கொக்கி செய்து உள்ளே விட்டு இழுத்தோம். வெள்ளையாக ஒரு முனை வந்தது. இழுக்க இழுக்க நீண்டுகொண்டே வந்தது. பனியன் துணி அப்படித்தான். திணித்தால் விரிந்து குழாயைக் கவ்விக்கொள்ளும், இழுத்தால் முழம் முழமாக நீளும்.

"மச்சான்!" என்று கத்தினார் சென்னியப்பன். "யாருங்க இது சைலன்சருக்குப் பனியன் போட்டுட்டது? மார்கழிக் குளுரு தாங்கலீன்னு அழுதுதா?"

தேவசகாயம் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரும்புக்காரரும் சிரித்தார். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன்.

கழுத்துப் பட்டியில் லேபிள் இருந்தது. எங்கள் கம்பெனி லேபிள். தொண்ணூற்றைந்து.

விரித்துப் பார்த்தேன். முன்பக்கம் கீழிருந்து கழுத்துவரை ஒரே வெட்டு. எந்தக் கட்டிங் மாஸ்டரும் அப்படி வெட்ட மாட்டார். அவசரத்தில், உடம்பில் இருக்கும்போதே, கத்தரியை நுழைத்து ஏற்றிக்கொண்டே போன வெட்டு. அதே கோட்டில்தான் இப்போது என் நெஞ்சில் தழும்பு இருக்கிறது.

திரும்பிப் பார்த்தேன். சரஸ்வதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆசுபத்திரில ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாங்க" என்றாள். "ஊட்டுக்குக் கொண்டாந்து தொவச்சேன். வீசி எறியவும் மனசு வல்லீங்க. அலமாரில வெச்சுப் பாக்கவும் தெம்பில்ல. உங்களுக்கு மறுநாக் காத்தால ஆப்பரேசன். மாத்துத்துணி எடுக்க வந்தவ இங்க பாத்தா, அந்தக் கொழாய்க்குள்ள எலி ஒண்ணு நொழையுது. வெரட்டி உட்டேன். அதுபாட்டுக்கு உள்ள குட்டி போட்டு வெச்சுதுன்னா, நீங்க வந்து மாட்டறப்ப வெசனப்படுவீங்கல்ல? அதான் இத வெச்சு அடச்சு, பூரிக்கட்டையில இடிச்சு உட்டேன். பொறவு நெனப்பே இல்லாமப் போச்சுங்க."

சென்னியப்பன் சிரிப்பை நிறுத்தியிருந்தார். "ஏனக்கா, மச்சான் பனியனக் காணோம்னு தெருவுக்கே தண்டோராப் போட்டாரே. அப்பவாச்சும் சொல்றதுதானே?"

"எப்பிடிடா சொல்றது? உங்க பனியன ஒடம்புல இருக்கறப்பவே வெட்டுனாங்கன்னு அவருகிட்ட எந்த வாயில சொல்றது?"

எனக்கு வேறொன்றும் காதில் விழவில்லை. நீங்க வந்து மாட்டறப்ப. அன்றைக்கு டாக்டரே அப்படிச் சொல்லவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு, முருகனைக் கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறார். அவள் வீட்டுக்கு வந்து, ஒரு பழைய சைலன்சருக்குள் எலி போகாமல் அடைத்திருக்கிறாள். நான் வந்து மாட்டுவேன் என்று.

இத்தனை மாதமாக நான் போட்டது, எடுத்தது, குறைந்தது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்தேன். அவள் வைத்தது எதுவும் அதில் இல்லை.

தேவசகாயம் சைலன்சரைத் திரும்ப மாட்டி நட்டை முடுக்கினார். "அண்ணாச்சி, நான் ஒதைக்கேன்" என்றார்.

முதல் உதைக்கு ஒரு பெருந்தும்மல். சாம்பிராணிக் கரண்டியிலிருந்து சாம்பல் பறந்தது. இரண்டாவதுக்கு இன்னொன்று. மூன்றாவது உதைக்கு நீலப்புகை போர்ட்டிகோவை நிறைத்தது. எரிந்த ஆயிலின் அந்தத் தித்திப்பு வாடை. உள்ளே ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடியது. சென்னியப்பன் காலைப் பிடித்துக்கொண்டே ஆடினார். இரும்புக்காரர் தன் குட்டியானையை எடுக்கும் முன் வண்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் அந்தப் பனியனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கரியும் ஆயிலும் அப்பியிருந்தது. துவைத்தால் அலமாரியில் ஆறாவதாக வைக்கலாமா என்ற எண்ணம் ஓடியது. கேட்டால் திட்டுவாள் என்றும் தெரிந்தது. எங்கே வைப்பது, எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று புரியாமல் நின்றேன்.

சரஸ்வதி என் கையிலிருந்து அதைப் பறித்தாள். சுத்தமாக இருந்த முதுகுப் பக்கத்தால் சீட்டை இரண்டு தடவை அழுத்தித் துடைத்தாள். மடித்துப் பக்கப் பெட்டிக்குள், பிளக்கும் ஸ்பேனரும் இருக்கிற இடத்தில், திணித்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கேரியர் தாழ்ந்த இடப்பக்கமாக ஒருக்களித்து ஏறி உட்கார்ந்தாள்.

"தெரு முக்கு வரைக்கும்தான். மெதுவா" என்றாள். நான் இன்னும் அசையாததைப் பார்த்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"எண்ணிட்டே நிக்காதீங்க. வண்டிய எடுங்க."